வழக்குத் தொடுக்கும் உரிமை

நைரோபியில் என்னிடம் பன்னாட்டுச் சட்டம் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பேச்சு கைவந்த கலை. கென்யா, உகாண்டா, ருவாண்டா என்று எங்கிருந்து வந்தாலும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் நீதியைப் பற்றி அரங்கம் அதிரப் பேசிவிடுவார்கள். நான் கற்றுத்தர விரும்புவது அதற்கு முந்தைய படியை. இந்த வழக்கை இந்த மன்றத்தில் தொடுக்க உன் நாட்டுக்கு என்ன உரிமை?

அதற்கு 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பைவிட நல்ல பாடம் இல்லை. இன்றைய நமீபியாவில் தென்னாப்பிரிக்கா திணித்த நிறவெறி ஆட்சியை எதிர்த்து எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின. விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டென்று 1962இல் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் சொன்ன மன்றம், நான்காண்டு கழித்து, இவ்விரு நாடுகளுக்கும் சட்டப்படியான உரிமையோ நலனோ இதில் இல்லையென்று தள்ளிவிட்டது. வாக்குகள் ஏழுக்கு ஏழு. தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் இரண்டாவது வாக்கே முடிவு செய்தது. நிறவெறி சட்டத்துக்கு ஏற்றதா என்பதற்குள் மன்றம் நுழையவே இல்லை.

படிக்கும்போது வகுப்பில் கோபம் எழும். எழட்டும். அந்தச் சூட்டோடு, உடன்படாத நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்புகளைப் படிக்கச் சொல்வேன்: செனகலின் ஃபோர்ஸ்டர், நைஜீரியாவின் எம்பனேஃபோ, ஜப்பானின் தனாகா, அமெரிக்காவின் ஜெசப். (மாணவர்கள் தூக்கம் துறந்து தயாராகும் போட்டி இந்த ஜெசப்பின் பெயரில்தான் நடக்கிறது.) ஒவ்வொரு வாதமும் எந்த ஆவணத்தின்மேல் நிற்கிறது என்று ஓரத்தில் குறித்து வர வேண்டும்.

பிறகு வழி மாறியது. ஐ.நா. பாதுகாப்பு அவை ஆலோசனைக் கருத்துக் கேட்க, தென்னாப்பிரிக்கா நமீபியாவில் நீடிப்பது சட்டவிரோதம் என்று 1971இல் அதே மன்றம் சொன்னது. சாகோஸ் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்ற விஷயத்தில் பிரிட்டன்மீது மொரிஷியஸால் இந்த மன்றத்தில் நேரடியாக வழக்காட முடியவில்லை; ஐ.நா. பொதுச்சபை கேட்ட கேள்விக்குப் பதிலாகவே 2019இல் மொரிஷியஸுக்குச் சாதகமான கருத்து வந்தது. வாதிடுபவர்களும் மாறினார்கள். அறுபதுகளில் எத்தியோப்பியா, லைபீரியா தரப்புக்காக முன்னின்று வாதிட்டவர் எர்னஸ்ட் கிராஸ் என்ற அமெரிக்கர். சாகோஸ் விசாரணையில் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்காகப் பேசியவர்களில் அதன் சட்ட ஆலோசகரான எகிப்தின் நமீரா நெக்ம் இருந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிறைவு. என் மாணவர்கள் போய் நிற்க வேண்டிய இடம் அது.

1966 தீர்ப்பைப் படித்து முடித்ததும் பயிற்சி. நமீபியாவை ஆளும் பொறுப்பைத் தென்னாப்பிரிக்காவுக்குத் தந்த ஆணையுரிமைப் பத்திரத்தில், தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது பற்றிய 7ஆம் பிரிவை மட்டும் கையில் கொடுப்பேன். எத்தியோப்பியாவின் உரிமையை இரண்டு பக்கத்தில் நிறுவ வேண்டும். ‘கொடூரமான’, ‘வெட்கக்கேடான’ போன்ற சொற்களை அடித்துவிடுவேன். மறுநாள் அதே மாணவர் தென்னாப்பிரிக்காவின் தரப்பிலிருந்து அதற்கு மறுப்பு எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்காக எழுதக் கை வரவில்லை என்பவர்கள் உண்டு. எழுதித்தான் ஆக வேண்டும். நீதிபதி முதலில் கேட்கப்போவது அந்த மறுப்பைத்தான்.