காரணம் கேட்கும் பழக்கம்

“அரசாங்கம் போனை ஒட்டுக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் தாத்தா, மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?” என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பழமொழி சரிதான். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாம் நம் மடியைத் தடவிப் பார்க்கலாம் என்று அது சொல்லவில்லையே!

அவர்களுக்கு நான் கரக் சிங்கைப் பற்றிச் சொல்வதுண்டு. உத்தரப் பிரதேசத்துக்காரர். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். ஆதாரமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் காவல் நிலையத்தில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தாகிவிட்டது. போலீஸ்காரர்களும் ஊர்க் காவலாளியும் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், சத்தம் போட்டு எழுப்புவார்கள். வெளியூர் போவதென்றால் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மடியில் கனமில்லாதவரின் வாசலுக்கே பயம் வந்து நின்றது.

அவர் உச்ச நீதிமன்றம் போனார். இரவில் வீடு புகுவது செல்லாது என்று 1962-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தரங்கம் அரசியலமைப்பு தரும் உரிமையல்ல என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் மறுத்து எழுதினார். தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்கமும் அடங்கும் என்றார். அன்றைக்கு அது எடுபடவில்லை.

ஐம்பது ஆண்டு கழித்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு 86 வயது. அரசுத் தரப்பு கரக் சிங் தீர்ப்பையும் எடுத்துக் காட்டி, அந்தரங்கம் என்று ஓர் உரிமையே கிடையாது என்று வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் அதற்கொரு சட்டம் வேண்டும், நியாயமான தேவை வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஒரு தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இந்த உரிமைதான் துணை நின்றது.

புட்டசாமி கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. 2018-இல் ஆதார் செல்லும் என்றே தீர்ப்பானது. வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்ற அளவில் மக்களுக்கு நிம்மதி. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசின் கையிலேயே வைத்திருக்கிறது. அதனால் வேலை இன்னும் முடியவில்லை.

பிள்ளைகளே, உங்களில் எல்லோரும் உச்ச நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஆதார் நகல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தக் காரியத்துக்கு என்பதை நகலின் குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். தெருவில் முகத்தைப் படம்பிடிக்கும் கேமரா வைத்தால், எந்தச் சட்டப்படி, படம் எத்தனை நாள் இருக்கும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். இப்படிக் கேட்பது நாட்டுக்கு விரோதம் என்று யாராவது மிரட்டினால், ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.