நான்கு சீட்டுகள்

சென்ற ஜூன் மாதம் எங்கள் பள்ளி மாணவத் தலைவி தேர்தலில் வாக்குகளை எண்ணும் பொறுப்பு எங்களுக்குக் கிடைத்தது. விடுதி மாணவிகளுக்கு ஒரு பெட்டி, வீட்டிலிருந்து வரும் எங்களுக்கு ஒரு பெட்டி. அவர்கள் பெட்டி நிறைய விடுதிப் பெண்ணின் பெயர்; எங்கள் பெட்டி நிறைய எங்கள் பஸ்ஸில் வருபவளின் பெயர். "சீட்டை எண்ணுவானேன், தலையை எண்ணினாலே போதுமே!" என்று சிரித்தோம். அருகிலிருந்த சிஸ்டர் சிரிக்கவில்லை. சிக்காகோ நகரத்து மேயர் தேர்தலைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

அந்நகரில் 50 வார்டுகள். 1931-க்குப் பின் அங்கே ஜனநாயகக் கட்சியினரே மேயர். 1983 பிப்ரவரியில் நடந்த உட்கட்சித் தேர்தலில், மேயர் ஜேன் பைர்னும் முன்னாள் மேயரின் மகன் ரிச்சர்ட் டேலியும் வெள்ளையர் வாக்குகளைப் பங்கு போட்டுக்கொள்ள, கறுப்பினத்தவரான ஹெரால்டு வாஷிங்டன் வென்றுவிட்டார். உடனே வழக்கம் மாறியது! காலமெல்லாம் அக்கட்சிக்கே வாக்களித்த வெள்ளையர் பலர், குடியரசுக் கட்சியின் பெர்னார்டு எப்டன் பக்கம் போனார்கள். 'காலம் கடப்பதற்குள் எப்டன்' என்பது அவருடைய விளம்பரம். எதற்குக் காலம் கடக்கிறதாம்?

அவ்வாண்டு மார்ச் 27, குருத்து ஞாயிறு. வாஷிங்டன் நகரின் வடமேற்கிலுள்ள புனித பாஸ்கல் ஆலயத்துக்குச் சென்றார். வெளியே கூட்டம் கூடி ஏசியது. ஆலயக் கதவிலேயே அவர் சாகவேண்டுமென்று இழிசொல்லால் எழுதியிருந்தார்கள். நாம் குருத்தோலை ஏந்தி ஓசன்னா பாடும் நாளில்! அக்கூட்டத்தில் ஞாயிறு பூசை தவறாதவர்களும் இருந்திருப்பார்களோ என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 12-இல் வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வாக்களித்தனர். கறுப்பினத்தவர் வார்டுகளில் அநேகமாக எல்லா வாக்குகளும் வாஷிங்டனுக்கு. வடமேற்கு, தென்மேற்கு வார்டுகள் சிலவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எப்டனுக்கு. ஏரிக்கரை வார்டுகளில்தான் இரண்டும் கலந்திருந்தன. நள்ளிரவுக்குப் பிறகே முடிவு தெரிந்தது. ஏறத்தாழ 13 லட்சம் வாக்குகளில் சுமார் 48,000 அதிகம் பெற்று வாஷிங்டன் மேயரானார். ஏரிக்கரை வெள்ளையரில் ஒரு பகுதியினரும், லத்தீன் அமெரிக்க வழியினரும் தந்த வாக்குகள் இல்லாவிடில் அது நடந்திராது. அதன் பின்னும் மன்றத்தின் 50 உறுப்பினரில் 29 பேர், 1986 வரை அவரை எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். 1987-இல் மீண்டும் வென்றவர், அவ்வாண்டு நவம்பரிலேயே மாரடைப்பால் காலமானார்.

எங்கள் தேர்தலுக்கு வருகிறேன். எங்கள் பெட்டியில் விடுதிப் பெண்ணுக்கு நான்கு சீட்டுகள் விழுந்திருந்தன. "யாரடி அந்த நால்வர்?" என்று அன்று கோபமாகத் தேடினோம். என் சீட்டு அவற்றில் இல்லை. அவள் மேடையில் பேசியபோது நான் ஜன்னல் வழியே பஸ் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன பேசினாள் என்று அந்த நால்வரைத்தான் கேட்கவேண்டும். அவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.