காஷ்மீர ஏரிகளின் வழியே (3): காட்ஸர் கணவாய்

சோனாமார்க்கில் சிந்து நதிக்கரையை விட்டு மேலேறி, வெண்பட்டை உரிந்து தொங்கும் பூர்ஜ மரக் காட்டைக் கடந்து, 4,000 மீட்டருக்கு மேற்பட்ட நிச்னாய் கணவாயைத் தாண்டி, விஷன்ஸர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தது வரையில் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்தச் சிந்து, நாம் இளமைமுதல் கேள்விப்பட்டிருக்கும் மகாநதியன்று. அதே பெயர் பூண்டு ஜீலத்தில் கலக்கும் உபநதி. நிச்னாய்க்கு அப்பால் பெய்யும் மழை இதற்கு உரியதாகிறது; இப்பால் பெய்வது கிஷன்கங்கைக்குப் போய்விடுகிறது.

அந்தக் கிஷன்கங்கை பிறக்கும் இடத்திலேதான் நாங்கள் இரவு தங்கியிருந்தோம். விடியற்காலையில் எழுந்து ஏரியின் வாய்க்குப் போனேன். 3,710 மீட்டர் உயரத்தில், காற்றசைவின்றிக் கிடந்த அந்த நிர்மலமான ஜலம், ஓரிடத்தில் மட்டும் கூழாங்கற்களின்மேல் மெல்லச் சரிந்து, முழங்கால் நனையாமல் கடக்கத்தக்க ஓடையாகப் புறப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் காஷ்மீரத்து நீர்களில் கொண்டுவந்து விடப்பட்ட டிரவுட் மீன்களின் சந்ததி அங்கே நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றது. என் நிழல் விழுந்ததும் மறைந்தது. இந்தச் சிற்றோடைதான் குரேஸ் பள்ளத்தாக்கின் வழியே பிரவாகமாகப் பெருகி, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து, நீலம் என்னும் பெயர் பெற்று, முஸாபராபாத்தில் ஜீலத்தைச் சேர்கிறது. நிச்னாயின் முதுகு பிரித்துவிட்ட இரண்டு நீரும், மனிதர் வகுத்த எல்லைக்கு அப்பால், ஒரே நதியில் கூடிக்கொள்கின்றன என்பதை அந்தக் கரையில் நின்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு உண்டான பரவசத்தை எப்படிச் சொல்வது!

வெயில் ஏறுமுன் புறப்பட்டுச் சற்று மேலேயுள்ள கிருஷன்ஸரின் ஓரமாக நடந்து, காட்ஸர் கணவாயின் செங்குத்தான ஏற்றத்தைப் பிடித்தோம். பத்தடிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சுமைக் குதிரைகளும் அப்படியே நின்றன. உச்சி, ஏறத்தாழ 4,200 மீட்டர். இந்தப் பிரயாணத்தில் இதற்குமேல் உயர்ந்த இடம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கரையில் நிற்கையில் தனித்தனியே தோன்றிய இரண்டு ஏரிகளும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, நடுவே வெள்ளி இழைபோன்ற ஓடையால் கோக்கப்பட்டு, ஒரே பார்வையில் அடங்கிக் கிடந்தன. பனி கரைந்து கிருஷன்ஸரில் நிறைவதும், அது வழிந்து விஷன்ஸருக்கு இறங்குவதும், அங்கிருந்து நதி கிளம்புவதும் ஆகிய அவ்வளவு காரியமும் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. கரையிலே நின்று படம் எடுத்துக்கொண்டு, கணவாயில் இரண்டு நிமிஷம்கூடத் தாமதியாமல் மறுபக்கம் விரைந்து இறங்குகிறவர்கள் பலரை அன்று கண்டேன். அவர்கள் பார்த்தது ஏரியின் அழகைத்தான். அது செய்யும் தொழிலைப் பார்க்கவில்லை. இவ்வழி வரும் அன்பர்கள், ஆகாயம் இடம் கொடுத்தால், அரைமணி நேரமாவது இங்கே உட்கார வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அவ்வளவு நேரம் வாய்க்கவில்லை. “மேகம் திரளுகிறது, ஸாஹிப், குதிரைகள் ஈரப் பாறையில் கால் வைக்காது” என்றார் குதிரைக்காரச் சாச்சா. அவர் சொல்லை மீறுவது தகாது.

மறுபக்கச் சரிவில் எஞ்சியிருந்த பனியைத் தாண்டியதும் புஷ்பங்களின் ராஜ்யம் தொடங்கியது. மஞ்சளும் ஊதாவுமாகப் பெயரறியாத பூக்கள் எத்தனையோ. பாறை இடுக்குகளில், முள் போர்த்த தண்டின்மேல், நீலக் கசகசாப் பூ மெல்லிய இதழ்களை விரித்திருந்தது. சற்றுக் கீழே, பக்கர்வால் இடையர் ஒருவர் தட்டைப் பாறைகளின்மீது கல்லுப்பைப் பொடித்து வைத்துக்கொண்டே போக, ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அதை நக்கின. குளிர்காலத்தை ஜம்முவின் அடிவாரங்களில் கழித்து, வசந்தத்தில் பீர்பஞ்சால் மலையைக் கடந்து, குழந்தை குட்டிகளோடு இந்த மேய்ச்சல் நிலங்களுக்கு வந்து சேர்வது இவர்களுடைய வாழ்க்கை முறை. நாங்கள் அரிய சாகசமென்று எண்ணி ஏறிய கணவாயை, தோளில் ஓர் ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கொண்டு இவர்கள் ஏறிவிடுகிறார்கள். அந்த நடையைப் பார்த்து நான் வியந்து நின்றேன்.

பிற்பகலில் காட்ஸர் ஏரி வந்தது. எதிர்க்கரைப் பாறைச் சுவரின் அடியில் தங்கியிருந்த பனியிலிருந்து உடைந்த கட்டிகள் இன்னமும் நீரில் மிதந்தன. இதன் நீரும் கிஷன்கங்கையையே சென்று சேர்கிறது. நாங்கள் அங்கே தங்கவில்லை. ஓடையை ஒட்டி மேலும் இறங்கி, ராணுவச் சாவடியில் அடையாளச் சீட்டுகளைக் காட்டிப் பெயர்களைப் பதிவு செய்துகொண்டு, அதன் சமீபத்திலேயே கூடாரம் அடித்தோம்.

இனி ஸத்ஸர், அதற்குப் பின் ஸாச் கணவாய். அங்கிருந்துதான் 5,142 மீட்டர் உயர்ந்த ஹர்முக் சிகரமும் அதன் மடியிலுள்ள கங்காபல் ஏரியும் கண்ணுக்குப் புலப்படும். நில அளவையாளர் மாண்ட்கோமரி 1856-ல் அந்த ஹர்முக்கின்மேல் நின்றுதான், வெகு தூரத்தில் தெரிந்த காரகோரச் சிகரங்களுக்குக் கே1, கே2 என்று குறியிட்டார். காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் முன்னோரின் அஸ்தியைக் கரைத்துவந்த கங்காபலைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.