மூணு மணி நேரம் போதும்னு நினைச்சேன்!

கோயமுத்தூரிலிருந்து மும்பை. மும்பையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட். முதல் விமானம் இரவு 10.15-க்கு மும்பையில் இறங்கும், அடுத்தது 1.15-க்குக் கிளம்பும். நடுவில் முழுசாக மூணு மணி நேரம்! ஒரு வடாபாவ் சாப்பிட்டுவிட்டு ஆடி அசைந்து போகலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் 2023 செப்டம்பரில் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு (உண்மையில் இதுதான் முதல் தப்பு), டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் 6,500 ரூபாய் கூடுதல். மேல்படிப்புக்கு பேங்க் லோன் வாங்கிப் போகிறவனுக்கு ஆறாயிரத்து ஐநூறு சும்மாவா? அப்பாவும் "கம்மியா பாத்துப் போடு"ன்னு சொல்லியிருந்தார். போட்டேன்.

கோவை கவுன்ட்டரிலேயே முதல் அடி. உள்நாட்டு டிக்கெட்டுக்கு 15 கிலோதான் இலவசம், என் பெட்டியோ 23 கிலோ. ஃபிராங்க்ஃபர்ட் டிக்கெட்டில் 23 அனுமதி உண்டு என்று சொன்னால், "அது வேற டிக்கெட் சார்" என்றார்கள். எட்டு கிலோவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் அழுதேன். மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் அங்கேயே காலி.

விமானம் கிளம்பியதே தாமதம். மும்பைக்குப் போன பிறகு வானத்தில் வட்டமடித்தோம். அங்கே இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். இதெல்லாம் பின்னாடி தேடிப் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது கைக்கடிகாரம் மட்டும்தான். இறங்கும்போது மணி 11.15.

பெட்டி வந்து சேர 11.50. நான் இறங்கியது சாந்தாகுரூஸ் பக்கம் இருக்கும் டெர்மினல் 1. வெளிநாட்டு விமானங்கள் கிளம்புவதோ சஹார் பக்கம் இருக்கும் டெர்மினல் 2. பெயர்தான் ஒரே விமான நிலையம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் போகணும். (2024 அக்டோபரில் வந்த மெட்ரோவில் இரண்டுக்கும் ஸ்டேஷன் உண்டு. ஆனால் நள்ளிரவில் அதுவும் உதவாது.) டாக்சி பிடித்து, நாலாவது மாடியில் இறங்கி, வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி, கவுன்ட்டருக்கு மூச்சிரைக்க ஓடினால் மணி 12.25.

கவுன்ட்டர் 12.15-க்கே மூடியாச்சு. விமானம் கிளம்ப இன்னும் 50 நிமிடம் இருக்கிறது, அதில் ஏற எனக்கு வழியில்லை.

அப்போதுதான் கணக்கு புரிந்தது. மூணு மணி நேரம் என்பது மூணு மணி நேரமே இல்லை. வெளிநாட்டு விமானத்துக்கு கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிவிடுவார்கள், ஆக ரெண்டு. பெட்டிக்கும் டாக்சிக்கும் ஒரு மணி நேரம், ஆக ஒண்ணு. அந்த ஒண்ணைத்தான் முதல் விமானம் தின்றுவிட்டது.

முதல் விமானக் கம்பெனியிடம் கேட்டால், "உங்களை மும்பையில இறக்கிட்டோமே" என்றார்கள். இரண்டாவது கம்பெனியின் கணக்கில் நான் வராத பயணி. 38,000 ரூபாய் டிக்கெட் போயே போச்சு. அதே டிக்கெட்டில் திரும்பும் பயணமும் இருந்திருந்தால் பொதுவாக அதையும் ரத்து செய்துவிடுவார்களாம். ஒருவழி டிக்கெட் என்பதால் அந்த மட்டில் தப்பித்தேன்.

அப்பாவுக்கு போன் செய்யும்போது மணி ஒன்று. எடுத்ததும் "ஏறிட்டியா கண்ணு?" என்றார். "இல்லீங்கப்பா, விட்டுட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செரி உடு. கம்மியா பாத்துப் போடச் சொன்னது நாந்தானே" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட தேவலாம் போல இருந்தது. அடுத்த நாள் டிக்கெட் 61,000. சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி அனுப்பினார்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது இதுதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் விமானம் மாறக் குறைந்தபட்ச நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டாக விற்கும்போது அதற்குக் கீழே போகமாட்டார்கள். மீறி முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. டிக்கெட் ரெண்டாகிவிட்டால் நேரத்தைக் கணக்குப் போடுவதும் நாம்தான், தப்பினால் காசு கட்டுவதும் நாம்தான். அந்த 6,500 இதற்குத்தான்!

2024 டிசம்பரில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரே டிக்கெட், டெல்லி வழியாக. நடுவில் ரெண்டே கால் மணி நேரம்தான். ஆனால் 2010-ல் திறந்த அந்த டெர்மினல் 3-ல் உள்நாடு, வெளிநாடு இரண்டும் ஒரே கட்டடம். பெட்டிக்கு ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் கோவையிலேயே சீட்டு ஒட்டிவிட்டார்கள், இரண்டு போர்டிங் பாஸும் கையில். முதல் விமானம் 40 நிமிடம் தாமதம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. இறங்கினால் ஊழியர் ஒருவர் ஃபிராங்க்ஃபர்ட் பயணிகளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார். இமிக்ரேஷன், செக்யூரிட்டி, கேட். ஏறி உட்கார்ந்ததும் அப்பாவுக்கு முதல் போன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். ஊருக்கு வரும்போது கதை வேறு. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், டெல்லியில் இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை நானே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைத்த பிறகுதான் கோவை விமானம். அதனால் வரும் வழிக்குக் கூடுதல் நேரம் விட்டுத்தான் பதிவு செய்யணும்.

இப்போது ஜூனியர் பசங்க யாராவது "நடுவுல எத்தனை மணி நேரம் இருந்தா போதும்ணா?" என்று கேட்டால், "டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?" என்று திருப்பிக் கேட்கிறேன். ரெண்டு என்றால், முதல் நாளே போய் ஒரு லாட்ஜில் தங்கிவிடுங்கள். என்ன வாடகை ஆனாலும் 61,000 ஆகாது. வடாபாவும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.