எது சரியான ஆட்டம்?

சதுரங்கத்தில் குதிரை எவ்வாறு தாவும் என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. சென்னையில் ஆடினும் சிகாகோவில் ஆடினும் அதன் தாவல் ஒன்றே. ஆடுவோர் தாமே பாத்திரங்களாக மாறிப் பேச்சினாலேயே கதையை நடத்திச் செல்லும் மேசை விளையாட்டு அத்தகையது அன்று. அதனை ஆடுவோர் அரை நூற்றாண்டாக ஒரே வினாவைப் பற்றி வாதிட்டு வருகின்றனர். சரியான ஆட்டம் எது என்பதே அவ்வினா.

இவ்விளையாட்டை அறியாதவர்க்கு அதன் நடைமுறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். தாம் ஏற்ற வீரன், மந்திரவாதி அல்லது திருடனின் வலிமையும் அவன் சுமந்து செல்லும் பொருள்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். அவர்களுள் ஒருவர் மட்டும் நடுவர். "உங்கள் முன் ஒரு மரக்கதவு. அதன் அப்பால் யாரோ முனகும் ஒலி" என்று அவர் கூறுவார். "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்பார் ஒருவர். "உதைத்துத் திறக்கிறேன்" என்பார் இன்னொருவர். கதவு திறக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். திறந்தபின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நடுவர் சொல்வார். வெற்றி பெற்றவர், தோற்றவர் என எவரும் இலர். ஆட்டம் ஒரே மாலையில் முடிவதுமில்லை. வாரந்தோறும் கூடி ஆண்டுக்கணக்கில் ஆடுவோர் உண்டு.

இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதலில் நூலாக விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்ந்த கேரி கைகாக்ஸும் மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் இதனை உருவாக்கினர். 1974இல் மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டு 10 டாலருக்கு விற்கப்பட்டன. முதற்பதிப்பு 1,000 படிகள். போர் விளையாட்டுகளில் ஊறியவர்களுக்காக எழுதப்பட்டமையால் அந்நூல்கள் பலவற்றைச் சொல்லாமலே விட்டிருந்தன. சண்டை நடத்துவதற்கு முந்தைய விளையாட்டு நூல் ஒன்றும் கையில் இருக்கும் என எதிர்பார்த்தன. அந்நூல் இல்லாதவர் என்ன செய்வது? தமக்குத் தோன்றியவாறு இடைவெளிகளை நிரப்பிக்கொண்டனர். மந்திரவாதி ஒருவன் ஒரே மந்திரத்தை ஒரு நாளில் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதிலேயே ஊருக்கு ஊர் வேறுபாடு தோன்றியது.

அக்காலத்துக் குழப்பத்திற்கு ஓர் அச்சுப்பிழை இனிய சான்று. அரக்கர்களைப் பற்றிய அட்டவணையில், ஓர் அரக்கன் தன் குகையில் இருப்பதற்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று காட்டும் பத்தி ஒன்று இருந்தது. குகையை ஆங்கிலத்தில் 'லேர்' என்பர். தொடக்கப் பதிப்பில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட, அது 'லையர்', அதாவது பொய்யர், என்று அச்சாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் குழு ஒன்று அதனைப் பிழை என்று கருதவில்லை. அரக்கனிடம் கேள்வி கேட்டால் அவன் பொய்யுரைக்கும் வாய்ப்பு அது என்று பொருள்கொண்டு, அவ்வாறே ஆடியது. பிழையிலிருந்து பிறந்த அவ்விதி ஆட்டத்திற்குச் சுவை கூட்டவே செய்தது. அதனைத் தவறான ஆட்டம் என்று கூற எவர்க்கு மனம் வரும்?

ஊருக்கு ஊர் இவ்வாறு வேறுபட்டு ஆடியோர் ஒருவரையொருவர் அறிந்தது கடிதங்கள் வழியாகவே. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த லீ கோல்ட் என்னும் பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அது வழக்கமான இதழ் அன்று. எழுதுவோர் தத்தம் பக்கங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவர். ஆசிரியர் அவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து அனைவர்க்கும் அனுப்பி வைப்பார். சென்ற இதழில் மற்றவர் எழுதியதற்கு ஒவ்வொருவரும் பெயர் குறிப்பிட்டு மறுமொழி எழுதுவது அவ்விதழின் மரபாக இருந்தது. இன்று ஒருவர் சினந்து எழுதினால் அதற்குரிய விடை ஒரு மாதம் கழித்தே அச்சில் வரும். அதற்குள் எழுதியவர்க்குச் சினம் ஆறியிருக்கும். சிலர்க்கு வளர்ந்தும் இருக்கும்.

அன்று பெரிதும் விவாதிக்கப்பட்ட செய்தி ஒன்று இம்மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். அக்காலத்தில் ஒருவர் ஒரு நடுவரிடம் வளர்த்த பாத்திரத்தை இன்னொரு நடுவரின் ஆட்டத்திற்குக் கொண்டு செல்வது வழக்கம். ஒரு நடுவர் கஞ்சர். அவரிடம் ஆறு மாதம் ஆடினால்தான் ஒரு மந்திர வாள் கிட்டும். இன்னொருவர் வள்ளல், ஒரே மாலையில் மூன்று வாள்களை அள்ளி வழங்கிவிடுவார். மூன்று வாள்களுடன் வந்தவரைக் கண்டதும் கஞ்சரின் மேசையில் இருப்போர் முகம் சுளிப்பர். "அவை எம் ஆட்டத்தில் செல்லா" என்பார் நடுவர். "ஆடித்தானே பெற்றேன்" என்பார் வந்தவர். ஓர் ஊரில் ஈட்டிய தகுதி இன்னோர் ஊரில் ஏற்கப்படுமா என்பதே இவ்வழக்கு. தந்தையின் பணிமாற்றத்தால் மாற்றுச் சான்றிதழைக் கையில் ஏந்திப் புதிய பள்ளியின் வாயிலில் நின்ற எவர்க்கும் இதன் கசப்பு தெரியும்.

இவ்வழக்கில் இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஆயின் வாதிட்டோர் பலர் வாளைப் பற்றிப் பேசுவதை விட்டு ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கினர். வாரி வழங்கும் நடுவர்க்கு எள்ளற்பெயர் ஒன்றும் சூட்டப்பட்டது. அவருடைய மேசையில் ஒருநாளும் அமர்ந்திராதவர்கள்கூட அப்பெயரைச் சொல்லி நகைத்தனர். அம்மேசையில் பத்து வயதுத் தம்பிகள் ஆடினார்களோ, நோயிலிருந்து எழுந்த நண்பர் ஒருவரை மகிழ்விக்க ஆடினார்களோ, நகைத்தவர்க்கு என்ன தெரியும்?

ஆட்டத்தைப் படைத்தவரின் கருத்து யாது? கைகாக்ஸ் இதற்கு விடை கூறினார், ஒன்றல்ல, இரண்டு. 1974இல் வெளிவந்த நூலின் முடிவுரையே ஐயம் எழும் இடங்களில் ஆடுவோர் தாமே முடிவு செய்யலாம் என்று ஊக்கியது. 1975இல் லீ கோல்டின் இதழுக்கு எழுதிய கடிதத்திலும் அவர் அதே மனநிலையில் இருந்தார். எப்படி ஆடுவது என்பதில் ஆடுவோர் பெரும்பாலும் ஒத்த கருத்துக்கு வந்துவிட்டால் ஆட்டம் உப்புச் சப்பற்றுப் போகும் என்பது அவர் அன்று எழுதியதன் சாரம். ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, நிலை மாறியது. 1977 முதல் 1979 வரை விரிவான புதிய விதிநூல்கள் மூன்று வெளிவந்தன. ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவிற்குச் செல்பவர் அங்கும் அதே விதிகளைக் காணவேண்டும் என்று அவர் இப்போது வலியுறுத்தினார். விதிகளைப் பெரிதும் மாற்றி ஆடுவோர் ஆடுவது வேறோர் ஆட்டமே என்றும் எழுதினார்.

அவரைக் குறை கூறுவது எளிது. அதனைச் செய்தவர்களும் பலர். ஆனால் அவர் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயிரம் படிகளுடன் தொடங்கிய விளையாட்டை நாடெங்கும் ஆடத் தொடங்கியிருந்தனர். நூற்றுக்கணக்கானோர் கூடும் போட்டிகளில் ஒவ்வொரு நடுவரும் தம் வீட்டு விதியைக் கொணர்ந்தால் போட்டி நடவாது. விற்பனைக் கணக்கும் அவர் மனத்தில் இருந்திருக்கும், அது பழியன்று. ஆயினும், "நீ ஆடுவது இந்த ஆட்டமே அன்று" என்ற சொல் விதியைப் பற்றியதாக மட்டும் எவர் செவியிலும் விழாது. ஆண்டுக்கணக்கில் நண்பர்களுடன் ஆடி மகிழ்ந்தவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தும் சொல் அது.

விவாதத்தின் போக்கைச் சற்றே திருப்பியவர் கிளென் பிளாக்கோ. 1980இல் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' என்ற இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுவோர் எல்லாரும் ஒன்றையே நாடி வருவதில்லை என்பது அவர் கருத்து. சிலர் தம் பாத்திரத்தின் ஆற்றல் பெருகுவதை விரும்புவர். சிலர்க்குப் போர்த்தந்திரமே இன்பம். சிலர் பாத்திரமாகவே மாறிப் பேசி வாழ்ந்து பார்க்க விழைவர். இன்னும் சிலர்க்குக் கதை நன்றாக அமைந்தால் போதும். இவ்வாறு நான்கு வகையாக அவர் பகுத்தார். 'அவன் பிழையாக ஆடுகிறான்' என்றிருந்த இடத்தில் 'அவன் வேறொன்றை நாடுகிறான்' என்று சொல்லும் வழி பிறந்தது. பின்னர் இப்பகுப்புகளையே முத்திரைகளாக்கிப் பிறர் நெற்றியில் ஒட்டியவர்களும் உண்டு. எந்த நற்கருவியும் அதற்குத் தப்புவதில்லை. இருப்பினும் 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்பதும் 'இது தவறு' என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள் என்பதை விளையாட்டு அன்பர்களுக்கு உணர்த்தியதில் அக்கட்டுரைக்குப் பங்குண்டு.

ஆயினும், வகைப்படுத்தலால் தீராத வழக்கு ஒன்று இன்றும் உள்ளது. திருடன் வேடம் ஏற்றவர், உறங்கும் தோழனின் பையிலிருந்து ஒரு மாணிக்கத்தைத் திருடுகிறார். ஏன் என்று கேட்டால், "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்கிறார். விதிநூல் அதனைத் தடுப்பதில்லை. திருடன் திருடுவது இயல்பே என்று ஒரு சாரார் வாதிடுவர். உடன் வரும் தோழனிடம் திருடுபவனை எந்தக் குழு கூட்டிச் செல்லும் என்று மறு சாரார் கேட்பர். பாத்திரத்துக்கு உண்மையாக நடத்தல் பெரிதா, கூட்டத்துக்கு உண்மையாக நடத்தல் பெரிதா என்று வாதம் வளர்ந்துகொண்டே போகும்.

வாதிடுவோர் இருவரும் பெரும்பாலும் மறந்துவிடுவது மாணிக்கத்தை இழந்தவரை. அவர் காகிதத்தில் எழுதப்பட்ட பெயர் அல்லர். மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர். அந்த மாணிக்கத்திற்காக அவர் மூன்று வாரம் வந்து ஆடியிருக்கலாம். திருட்டைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தால் அங்கே வழக்கே இல்லை; அம்மாலையின் சிறந்த நிகழ்ச்சி அதுவாகவே ஆகிவிடும். அவர் முகம் வாடினால், எந்தப் பக்க வாதமும் அவ்வாட்டத்தை நிமிர்த்தாது. அந்த முகத்தைக் காண்பவர் மேசையில் இருக்கும் நால்வரே. தொலைவிலிருந்து தீர்ப்புரைப்பவர்க்குக் கிடைப்பது, நடந்ததைப் பற்றி ஒருவர் சொன்ன சொல் மட்டும். அதுவும் பெரும்பாலும் மனம் புண்பட்டவர் சொல் அல்லது தம்மைக் காத்துக்கொள்பவர் சொல். எனினும் தீர்ப்புரைப்பவரின் குரலில் ஐயத்தின் சாயல் சிறிதும் இராது! ஆட்டத்தை நன்கு அறிந்தவர் சிலர் மட்டும், "அங்கே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்?" என்று முதலில் கேட்பர். அவர்களுடைய மறுமொழிகள் குறுகியவை. பிறர் கவனத்தை அதிகம் ஈர்ப்பவையும் அல்ல. ஆனால் கேட்டவர்க்கு அடுத்த வாரம் பயன்படுபவை அவையே.

இவ்வாறு எதிலும் ஒன்றுபடாதவர்கள் ஒருமுறை ஒன்றுபட்டனர். ஆட்டத்தின் உரிமை அதற்குள் வேறு நிறுவனத்திற்குக் கைமாறியிருந்தது. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தி நூல்கள் எழுதி விற்கலாம் என்று பொது உரிமம் அளித்தது. அதனை நம்பிச் சிறு பதிப்பகங்கள் பல தோன்றின. 2023 ஜனவரியில் அவ்வுரிமத்தை மாற்றும் திட்டம் வெளியே கசிந்தது. விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவோரும் விதியைத் தூக்கி எறிந்து கதை சொல்வோரும் ஒரே குரலில் எதிர்த்தனர். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000க்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். அம்மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை என்று அறிவித்ததுடன், அடிப்படை விதிகளடங்கிய தொகுப்பையே எவரும் எடுத்தாளத்தக்க வகையில் திறந்துவிட்டது.

இதனைச் செய்வித்தது தலைவர் எவரும் இல்லாத ஒரு கூட்டம். வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறாக ஆடும் உரிமையைத் தங்களிடமிருந்து பறிக்கக்கூடாது என்பதே அவர்கள் அனைவர்க்கும் பொதுவாக இருந்த ஒரே கருத்து. அது நிறைவேறியதும் கூட்டம் கலைந்து அவரவர் மேசைக்குத் திரும்பியது. உறங்கும் தோழனின் பையில் திருடன் கை வைக்கலாமா என்ற விவாதமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.