இருபடிக் கணக்கும் இருபது மீட்டர் கம்பிவலையும்



பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கும்வரை "வாய்ப்பாடு சொல்லு பார்க்கலாம்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கிறோம். அதே பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போய், பாடப் புத்தகமும் மலாய்மொழிக்கு மாறியதும், "இனி நமக்கு என்ன தெரியப்போகிறது" என்று ஒதுங்கிவிடுகிறோம். நான்காம் படிவத்தில் 'பெர்சமாஆன் குவாட்ராதிக்' என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளைகளே மிரண்டுபோகிறார்கள். பெற்றோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

நான் தோட்டத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. இந்தக் கணக்கு என் வகுப்பில் வருவதில்லை. ஆனாலும் என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் மாலை வேளைகளில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் விழிப்பார்கள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'குவாட்ராதிக்' என்பது சதுரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இருபடிச் சமன்பாடு என்கிறோம். தெரியாத எண்ணை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கினால் எக்ஸ் வர்க்கம். அதற்கு மேற்பட்ட பெருக்கல் இல்லாத கணக்குதான் இருபடிக் கணக்கு. அவ்வளவே!

நான்காம் படிவ மாணவி ஒருத்தி ஒருநாள் அம்மாவுடன் வந்தாள். கூடுதல் கணிதப் பாடத்தையே விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தாள். அம்மா சொன்னார்: "எங்க குடும்பத்துலயே யாருக்கும் கணக்கு வராது டீச்சர். தலையில ஏறலன்னா விட்டுடட்டும்."

பாடத்தை விடுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பின்னால் பொறியியல் போன்ற படிப்புகளுக்குப் போக நினைக்கும்போதுதான், சாத்திய கதவு எது என்று தெரியும். அதனால் அவர்கள் இருவரையும் உட்கார வைத்து, அவர்கள் வீட்டுக் கீரைப் பாத்தியையே கணக்காக்கினேன். நீங்களும் ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோழி நுழையாமல் பாத்தியைச் சுற்றிக் கட்ட 20 மீட்டர் கம்பிவலை இருக்கிறது. செவ்வகமாகக் கட்டவேண்டும். அப்படியானால் நீளமும் அகலமும் சேர்ந்து 10 மீட்டர். பாத்தி 24 சதுர மீட்டர் வேண்டுமென்றால் எளிது: 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். கூட்டினால் 10, பெருக்கினால் 24.

சரி, 22 சதுர மீட்டர்தான் வேண்டுமென்றால்? ஒரு பக்கம் எக்ஸ். மறுபக்கம் 10-இலிருந்து எக்ஸைக் கழித்த மிச்சம். இரண்டையும் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் வருவது:

எக்ஸ் வர்க்கம் − 10 எக்ஸ் + 22 = 0

பெருக்கினால் 22 வரும் முழு எண்கள் 1-உம் 22-உம், 2-உம் 11-உம். எதைக் கூட்டினாலும் 10 வரவில்லை. அந்தப் பெண் தடுக்கி நின்றது இங்கேதான். காரணிப்படுத்த முடியவில்லை என்றதும், விடையே இல்லை என்று பேனாவை வைத்துவிட்டாள்.

நான் அம்மாவிடம் திரும்பிக் கேட்டேன்: "இந்த 20 மீட்டர் வலையை எப்படிக் கட்டினால் இடம் அதிகமாகக் கிடைக்கும்மா?"

"சதுரமாக் கட்டினாத்தான் டீச்சர். நீட்டிக்கிட்டே போனா ஒடுங்கிப் போயிடுமே!"

சூத்திரத்தின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது. சதுரமாகக் கட்டினால் பக்கத்துக்கு 5 மீட்டர்; பரப்பு 25. நமக்கு வேண்டியது 22. அதாவது 3 குறைவு. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நீட்டி, மறுபக்கத்தை அதே அளவு குறைத்தால், குறையும் பரப்பு அந்த அளவின் வர்க்கமாக இருக்கும். 6-உம் 4-உம் வைத்தே சோதித்துப் பாருங்கள். 5-இலிருந்து 1 நகர்ந்தோம். 25-இல் 1 குறைந்து 24 ஆனது. 2 நகர்ந்தால் 7-உம் 3-உம். பரப்பு 21, குறைந்தது 4. அப்படியானால் 3 குறைய எவ்வளவு நகரவேண்டும்? மூன்றின் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.732. ஆகவே ஒரு பக்கம் 6.732 மீட்டர், மறுபக்கம் 3.268 மீட்டர்.

இப்போது பள்ளிச் சூத்திரத்துக்கு வருவோம். எக்ஸ் வர்க்கத்தின் முன்னால் இருக்கும் எண் ஏ, எக்ஸின் முன்னால் இருப்பது பி, தனியாக நிற்பது சி. பி-யின் குறியை மாற்றி எழுது. பி வர்க்கத்திலிருந்து நான்கு ஏ சி-யைக் கழித்து வர்க்கமூலம் எடு. அதை ஒருமுறை கூட்டு, ஒருமுறை கழி. எல்லாவற்றையும் இரண்டு ஏ-யால் வகு.

நம் கணக்கில் ஏ 1, பி −10, சி 22. குறியை மாற்றினால் 10. பி வர்க்கம் 100. அதில் 88 போக 12. அதன் வர்க்கமூலம் 3.464. பத்துடன் கூட்டி இரண்டால் வகுத்தால் 6.732, கழித்து வகுத்தால் 3.268. அதே விடைதான்! பத்தில் பாதி 5 என்பது நடு. 3.464-இல் பாதி 1.732 என்பது நடுவிலிருந்து நகர்ந்த தூரம். நடுவுக்குப் போ, இரு பக்கமும் ஒரே அளவு நகரு என்பதுதான் சூத்திரம் சொல்லும் சேதி.

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் பகுதி இன்னொன்றும் சொல்லும. 25 சதுர மீட்டர் கேட்டால் அங்கே பூஜ்யம் வரும். நகர வேண்டியதில்லை, ஒரே விடை, சதுரம். 30 சதுர மீட்டர் கேட்டால் 100-இல் 120 போய் −20 வரும். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இந்த வலையால் செவ்வகமாக அவ்வளவு இடத்தை அடைக்க முடியாது என்று சூத்திரமே கூறிவிடுகிறது.

இந்த வழி இன்று நேற்று வந்ததல்ல. ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில், பாதியாக்கி வர்க்கம் காணும் இந்த முறையை எழுதி வைத்தார்கள். இந்தியாவில் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் இதற்கு விதி சொன்னார். சமன்பாட்டை நான்கு ஏ-யால் பெருக்கி, பி வர்க்கத்தைக் கூட்டினால் பின்னமில்லாமல் தீர்க்கலாம் என்று காட்டியவர் ஸ்ரீதரர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்ததுதான், நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் 'அல்ஜீப்ரா'. அவர் எக்ஸ் போன்ற குறி எதுவுமின்றி வெறும் வார்த்தைகளிலேயே கணக்கை விளக்கினார். வார்த்தையில் சொன்னால் நமக்கும் விளங்கும்தானே?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இந்தக் கணக்கோடு உட்காரும்போது பக்கத்தில் உட்காருங்கள். நான்கு கேள்விகள் கேட்டால் போதும். "ஒரு பக்கம் பூஜ்யம் வரும்படி எழுதினாயா?" "பி-யின் குறியை மாற்றினாயா?" "முழுவதையும் வகுத்தாயா, வர்க்கமூலத்தை மட்டும் வகுத்தாயா?" "வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா?" பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

அன்று அந்தப் பெண் விடையை எழுதி முடித்ததும், "நான் சொன்னது சரிதானா டீச்சர்?" என்று அம்மாவும் எட்டிப் பார்த்தார். அவள் பாடத்தை விடவில்லை. நம் வம்சத்துக்குக் கணக்கு வராது என்ற பேச்சைப் பிள்ளைகள் காதில் போடாதீர்கள். வேலி கட்டத் தெரிந்த வீட்டில் இந்தக் கணக்கு முன்பே குடியிருக்கிறது.