ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

பிள்ளையைத் தனியாக வளர்க்கிற பெண் மறுபடி படிக்கப் போகிறாள் என்றால் ஊர் காரணம் கேட்கும். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற பையனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. "பொண்ணு படிக்கிற வயசுல நீ படிக்கிறியாடி?" என்றார் சித்தி. கடை முதலாளிக்கு வேறு கவலை. "படிச்சு முடிச்சதும் வேலைய விட்டுட மாட்டியேம்மா?" இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "எல்லாம் பொண்ணுக்காகத்தான்." இதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சித்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அது பாதி உண்மை. பட்டம் இருந்தால் சம்பளம் கூடும், மகளின் ஃபீஸுக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்பதெல்லாம் சரிதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் கூச்சம்.

திருச்சி சின்னக்கடை வீதியில் ஒரு துணிக்கடையில் எனக்குக் கணக்கு வேலை. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம், சில வருடத்தில் வீட்டுக்காரர் போன இடம் தெரியவில்லை, அதன்பின் இந்த வேலை. டேலியில் பில் போடுவேன், சரக்கு வரவு ஏற்றுவேன். ஒவ்வொரு மார்ச்சிலும் ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் உள்ள தொகையைத் தேய்மானம் என்று போட வேண்டும். கடையின் டாடா ஏஸ் வண்டி வாசலில் அதேபோலத்தான் நிற்கும், கணக்கில் மட்டும் அதன் விலை வருடா வருடம் இறங்கும். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தாம்மா, நீ போடு" என்பார்கள். அந்த 'அப்படித்தான்' பல வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. பி.காம். சேர்ந்தபோது நான் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தப் பாடத்தைத்தான். வண்டி உழைக்கிற ஒவ்வொரு வருடமும் அதன் விலையில் ஒரு பங்கைத் தின்றுதான் உழைக்கிறது, அந்தப் பங்கை அந்த வருடத்துச் செலவாகக் காட்டாவிட்டால் லாபம் பொய்யாக ஊதித் தெரியும் என்று புரிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. அது முழுக்க என்னுடையது.

இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று சொல்லப்படுகிற அய்யலசோமயாஜுல லலிதாவின் கதையை அதற்கப்புறம்தான் நான் கவனமாகப் படித்தேன். 1919-இல் சென்னையில் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். பதினைந்து வயதில் கல்யாணம். 1937-இல் கணவர் இறந்தபோது கைக்குழந்தைக்கு நான்கு மாதம். அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருந்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு மூலைதான் மிச்சம். லலிதா ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அடுத்து மருத்துவம் படிக்கலாம், பெண்கள் அப்போதே அதில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் டாக்டரை நடுராத்திரியில் கூப்பிடுவார்கள், குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அது வேண்டாம் என்று பொறியியல் கேட்டார். அதுவரை பெண்களே சேராத கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, 1943-இல் படிப்பை முடித்தார். ஆண்பாலில் அச்சாகியிருந்த சான்றிதழைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள் என்பதைத்தான் அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட, வாரநாட்களில் அந்தக் குழந்தை யார் வீட்டில் இருந்தது என்பதுதான் பெரிய விஷயம். லலிதா விடுதியில் தங்கிப் படித்தார். குழந்தை அவருடைய சகோதரர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய்ப் பார்த்து வருவார். அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர், முதல்வரிடம் பேசி மகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் சொன்னால் லலிதாவின் பெருமை குறைந்துவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னாளில் கல்கத்தாவில் ஏ.ஈ.ஐ. நிறுவனத்தில் பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளைப் பார்த்ததும், 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனதும் அவருடைய மூளையும் உழைப்பும்தான். ஆனால் குழந்தைக்கு ஒரு வீடும், அந்த வீட்டில் சோறூட்ட ஒரு கையும் இல்லாவிட்டால் அந்த மூளைக்கு மூலைதான் மிஞ்சியிருக்கும்.

எனக்குச் சகோதரர் கிடையாது. மாடி வீட்டு அக்கா இருக்கிறார். ஞாயிறுதோறும் படிப்பு மையத்தில் வகுப்பு. காலையில் மகளை அவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அவர் பிடிக்கிற சீட்டின் நோட்டை நான் எழுதிக் கொடுக்கிறேன். யார் கட்டினார்கள், யார் பாக்கி, இந்த மாதம் எவ்வளவு தள்ளிப் போனது, தலைக்கு எவ்வளவு கழிவு. உறையூரில் அவ்வளவு சுத்தமாக எழுதிய சீட்டு நோட்டு வேறு இருக்காது என்று கொஞ்சம் கர்வத்தோடே சொல்வேன்.

எல்லோருக்கும் மாடி வீடு வாய்ப்பதில்லை. எங்கள் வகுப்புக்கு ஒரு பெண் இரண்டு வயதுப் பிள்ளையோடு வருவார். கடைசி பெஞ்சில் துப்பட்டாவை விரித்துப் படுக்க வைத்து, உருண்டு விழாமலிருக்க இரண்டு பக்கமும் பாடப் புத்தகங்களை அடுக்கி அணை கட்டிவிடுவார். சார் அடக்கவிலைக் கணக்கைக் கிசுகிசுப்பாகவே நடத்துவார். பிள்ளை எழுந்து அழுதால் தாயும் பிள்ளையும் வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே அவர் இடுப்புப் பிள்ளையை ஆட்டுவார். ஓவர்ஹெட் செலவைப் பங்கிடும் அட்டவணை முழுவதையும் அவர் அப்படி நின்றபடியேதான் மனத்தில் ஏற்றிக்கொண்டார்.

இன்னொருவர் எம்.ஏ. முடித்தவர். சிரிக்காதீர்கள், பி.காம். முதல் வருடத்தில் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். பத்தாவதோடு நின்றவர், கணவர் இறந்தபின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கினார். பிளஸ் டூ இல்லாமல் அப்படி வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-இல் அரசாணை வந்திருக்கிறது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாக ஏறியிருக்க வேண்டும். அவருக்கு இது தெரிந்தது விண்ணப்பம் போடும்போதுதான். தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டு மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏறுகிறார். ஆனால் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளில் பெண்களுக்கான 30 சதவீதத்தில் ஆதரவற்ற விதவைகளுக்கு 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் இடமில்லை. என் வீட்டுக்காரர் இறக்கவில்லை, போய்விட்டார், அவ்வளவுதான். கைவிடப்பட்டவள் என்று தாசில்தார் சான்று தருவார், அந்தப் பத்து சதவீதத்துக்குள் நுழைய அது போதாது. புருஷன் செத்தால் ஒரு கணக்கு, ஓடினால் வேறு கணக்கு. அடுப்பு என்னவோ இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

'பொண்ணுக்காகத்தான்' என்ற பதிலை நான் இப்போது சொல்வதில்லை. அதில் ஒரு சிக்கல் இருப்பது மெல்லத்தான் பிடிபட்டது. பிள்ளைக்காகப் படிக்கிறேன் என்றதும் அது தியாகமாகிவிடுகிறது. மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள், சாதனைப் பெண் என்பார்கள், கஷ்டப்பட்டு வந்தவள் என்று நாலு பேர் கை தட்டுவார்கள். தியாகிக்கு நாற்காலி எதற்கு, ஃபேன் எதற்கு, பிள்ளையை விட ஓர் அறைதான் எதற்கு? அவள் படுகிற பாட்டில்தானே கதையே இருக்கிறது! எனக்குப் படிக்கப் பிடித்திருக்கிறது, அதனால் படிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சித்தி முகம் சுளிப்பார். பரவாயில்லை. பிடித்ததைப் படிக்க வந்தவள்தான் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்க முடியும்.

கேட்கவும் செய்தோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது வேலைக்குப் போகிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை படிக்கப் போகிறவர்கள் அதன் கணக்கில் வர மாட்டார்கள். அங்கன்வாடிக்கு அன்று விடுமுறை. எங்கள் மையத்திலோ ஞாயிறு முழுவதும் பல வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். அதில் ஒன்றைத் திறந்து விடுங்கள், பாய் நாங்கள் கொண்டுவருகிறோம், ஆயாவுக்குக் கூலியை எங்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம் என்று மனு எழுதினேன். முதல் கையெழுத்துப் போட்டவர் ஒரு பஸ் கண்டக்டர். மனைவியை இழந்தவர், இரண்டு பையன்கள். "இத்தனை நாள் இத யாருகிட்ட கேக்கறதுன்னே தெரியலம்மா" என்றார்.

மனுவைப் படித்துப் பார்த்த மையப் பொறுப்பாளர், அந்த அறையில் ஃபேன் ஓடினால் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டிருக்கிறார். ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், காலை பத்து முதல் மாலை நாலு வரை. யூனிட் கணக்குப் போட்டு, தலைக்கு எவ்வளவு வருகிறது என்பதையும் கீழே எழுதி, மறுபடி கொடுத்திருக்கிறோம்.